மணலில் எழுதிய தப்பு

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மடியில் உட்கார வைத்த குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதச் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கையை விட்டதும் குழந்தை தானாக ஒரு கோடு இழுத்தது. அது ‘அ’வாகவும் இல்லை, ‘ஆ’வாகவும் இல்லை, அறுந்த பட்டத்தின் வால்போல் எங்கேயோ போயிற்று. நீங்கள் சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் அரிசியைத் தடவிவிட்டு, “இன்னொரு தரம் எழுது, கண்ணு” என்றீர்கள். தப்பு இருந்த இடமே தெரியவில்லை. யாரும் மார்க் போடவில்லை. குழந்தை அழவும் இல்லை.

அதே குழந்தை இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டுப் பரீட்சை முடிந்து, கணக்கில் 31 மார்க் என்று கார்டு வருகிறது. அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். “ஏண்டி இப்படி?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். பாவம், அவளுக்கே தெரியாது! ஜூலை மாதத்தில் என்றோ ஒரு நாள், பின்னக் கணக்கில் மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டிப் போட்டுவிட்டாள். அன்றைக்கு அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் பாடம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு பாடம். அரிசியில் எழுதிய தப்பு ஒரு நிமிஷத்தில் அழிந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிய தப்பு மூன்று மாதம் வளர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் கம்ப்யூட்டரும் செல்போனும் வருவதைப் பற்றி இன்று எத்தனையோ பேச்சு. பிரமாதம் என்கிறார்கள் சிலர். பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அந்த மூன்று மாதத்தை இந்தக் கருவி ஒரு நாளாகக் குறைக்குமா?

வாசலில் கோலம், படகில் சாவி

கேள்வியை முடிந்துகொண்டு புதுவைக்கு வாருங்கள். பட்டணத்தின் தென்புறத்தில், அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகம் இங்கேதான். விசைப்படகுகளின் இரைச்சல், ஐஸ் வண்டிகளின் அவசரம், ஆற்றோரத்தில் அலையாத்திச் செடிகளின் பசுமை, எல்லாம் ஒரே காட்சியில் கிடைக்கும்.

இங்கே ஒரு வீட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நாம் சொன்ன ஆறாம் வகுப்புப் பெண் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டுக்கு ஒரே செல்போன். அப்பா விடியுமுன் படகேறும்போது அதுவும் அவரோடு கடலுக்குப் போய்விடுகிறது. திரும்பி வந்தால் தம்பிக்குப் படம் பார்க்க வேண்டும். அவன் தூங்கிய பிறகு, பாத்திரம் தேய்த்து முடித்த அக்காவின் கைக்கு அது வரும்போது மணி ஒன்பதரை. பாட்டரியிலும் உயிர் இல்லை.

புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24ஆம் ஆண்டு முதல் மேல் வகுப்புகளிலும் படிப்படியாக மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அந்தப் புத்தகங்களில் பாடத்தோடு சதுரமாக, கறுப்புப் புள்ளிக் கோலம்போல் ஒன்று அச்சாகியிருக்கும். க்யூ.ஆர். கோடு என்று அதற்குப் பெயர். மத்திய அரசின் பாடநூல்களில் இது 2019இல் வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு முந்திய வருஷமே வந்துவிட்டது. செல்போன் காமிராவை அதற்கு நேரே காட்டினால், 2017இல் தொடங்கிய ‘தீக்ஷா’ என்ற தளம் திறந்து, அந்தப் பாடத்துக்கான படமும் பயிற்சியும் வருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பெண்ணின் கதையைப் பாருங்கள். கோலம் வாசலில் இருக்கிறது. கதவைத் திறக்கும் சாவி படகில் போயிருக்கிறது!

கருவியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை வேண்டியவர் கையில், வேண்டிய நேரத்தில் சேர்ப்பது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள நாம் தூரதேசம் போக வேண்டாம். ஆற்றைக் கடந்தால் போதும்.

அக்கரையில் ஓர் ஒலிபெருக்கி

முகத்துவாரத்துக்குத் தெற்கே, அக்கரையில் வீராம்பட்டினம். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் பார்க்கப் போனவர்களுக்கு அந்த ஊரைச் சொல்லத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டில் டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் ‘அறிவு மையங்கள்’ என்று ஒரு முயற்சியைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை நிலையம். அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குச் செய்திகள் போகும். வீட்டுக்கு வீடு செல்போன் என்பதைக் கனவில்கூட நினைக்காத காலம் அது.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்? நாளைக் காலையில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதுதான். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரம் முன்கூட்டியே கிடைத்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து, தமிழில் மாற்றி, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் சொன்னார்கள். திரையில் இங்கிலீஷில் கிடந்த எண் காற்றில் தமிழாக வந்தது. வலையைச் சரி செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே பாடம் கேட்டுக்கொண்டார்.

உள்நாட்டில் ஏம்பலம் என்ற ஊரில் மையம் கோயில் இடத்திலேயே அமைந்தது. அதை நடத்தியவர்கள் பெண்கள். வேறொரு கிராமத்தில் ஒரு தடவை ஓர் ஏழை வீட்டுப் பசு கன்று ஈன முடியாமல் ஐந்து நாள் தவித்தது. அந்த ஊர் மையத்துக் கம்ப்யூட்டரில் கால்நடை வைத்தியர்களின் பட்டியல் இருந்தது. ஒருவர் தகவல் கிடைத்து ஓடி வந்தார். கன்றும் பசுவும் பிழைத்தன. இந்தக் கதை 2000ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வரை போயிற்று. பசுவின் சொந்தக்காரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள். கருவி அவளுக்கு உபயோகப்பட்டது, ஏனென்றால் நடுவில் ஒரு மனுஷி இருந்தாள்.

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சோதனை வந்தது. புதுவைக்குத் தெற்கே நல்லவாடு கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். கடல் பொங்கும் ஆபத்தை அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியைப் போட்டு, “எல்லாரும் ஓடுங்கள்!” என்று கத்தினார்கள். வலை போயிற்று, படகு போயிற்று. ஊர் ஜனங்கள் பிழைத்தார்கள். தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய குரலாக இருந்ததால்தான் அன்றைக்கும் காது கொடுத்தார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்த மையங்களிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடம் உண்டு. முதலில் கேள்வி, பிறகு கருவி. ‘உனக்கு என்ன தெரியவில்லை?’ என்று கேட்டுவிட்டு வந்த யந்திரம் பிழைத்தது.

மதராஸ் கற்றுக்கொடுத்த முறை

சரி, வகுப்பறையில் ‘உனக்கு என்ன தெரியவில்லை?’ என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்பது எப்படி? நாற்பது பேருக்கு ஒரு டீச்சர். அவர் என்ன, ஆயிரம் கண்ணுடையாளா?

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரு வழி இருந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்தும் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். உடனே தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தரும் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டார். காரியம் பலித்தது. 1797இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிலெல்லாம் பரவியது.

அந்த மணலின் மகிமை என்ன? விலை மலிவு என்பது மட்டுமல்ல. எழுதிய தப்பு உடனே பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் படும். உடனே அழித்து மறுபடி எழுதலாம். பாடமும் பரீட்சையும் ஒரே மணலில், ஒரே நிமிஷத்தில் நடந்தன. பிறகு காகிதம் வந்தது. அச்சடித்த கேள்வித்தாள் வந்தது. பாடம் ஜூனில், பரீட்சை மார்ச்சில் என்று இரண்டும் பிரிந்துவிட்டன. செய்தித்தாளில் நம்பரைத் தேடி, கை நடுங்க நின்றோமே, அந்த நாளில் பரீட்சை என்பது தீர்ப்பாகிவிட்டது; பாடமாக இருக்கவில்லை.

புதிய கருவியால் ஒரு நல்லது நடக்குமானால், அது அந்தப் பழைய மணலைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

அரும்பு, மொட்டு, மலர்

அப்படிக் கொண்டுவந்த இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. முதலில் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், பிறகு ஐந்தாம் வகுப்பு வரைக்கும். குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஆசிரியை சின்னச் சின்னச் சோதனைகளால் பார்த்துத் தம் செல்போனில் பதிவு செய்கிறார். பிறகு பிள்ளைகளைப் படிக்குத் தக்கபடி பிரித்துப் பாடம். அந்தப் படிகளுக்கு வைத்த பெயர் என்ன அழகு பாருங்கள்: அரும்பு, மொட்டு, மலர்! ‘மக்கு’ என்று ஒரு படி இல்லை. இன்று அரும்பாக இருப்பது நாளை மலரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. பதிவு செய்யும் வேலை பாடம் சொல்லும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. தராசையே பிடித்துக்கொண்டு நின்றால் சமையல் எப்போது ஆகும்?

டில்லியில் இன்னொரு பரிசோதனை. ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கம்ப்யூட்டர் பயிற்சி. பள்ளி விட்ட பிறகு ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் பிள்ளை தனியாகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும். மீதி நேரம் பத்துப் பதினைந்து பேராக உட்கார்ந்து ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்கும். விடை தப்பாக வந்தால் யந்திரம் அடுத்த கேள்வியைச் சுலபமாக்கி, தப்பின் வேரைத் தேடும். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார அறிஞர்கள் 619 பிள்ளைகளை வைத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக இரண்டரை வகுப்புக் கீழே நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அதாவது ஆறாம் வகுப்புப் பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது! பயிற்சிக்கு வாய்ப்புப் பெற்றவர்கள் நாலரை மாதத்தில் கணக்கில் மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கு மேல் முன்னேறினார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் கேளுங்கள். தென்னமெரிக்காவில் பெரு என்ற நாடு. பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்தது. 319 பள்ளிகளில் ஆராய்ந்து பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் காணவில்லை. பெட்டி வந்தது, ஆனால் ‘உனக்கு என்ன தெரியவில்லை?’ என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு லட்சம் பேர்

கொரோனா வந்து பள்ளிகள் மூடிய நாட்களை எந்தத் தாயும் மறக்கமாட்டாள். தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. செல்போனிலும் வகுப்பு நடந்தது. ஆனாலும் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தபோது, 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளைவிட மிகவும் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் ஒரு பங்கு சறுக்கல் என்றால் கணக்கில் இரு பங்கு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சறுக்கல் இன்னும் ஜாஸ்தி.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவிகிதம், ஏறக்குறைய கால் பங்கு, ‘இல்லம் தேடிக் கல்வி’யின் புண்ணியம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபர் 27ஆம் தேதி, புதுவைக்கு வடக்கே மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்கால வேளைகளில் தெருத்திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று நினைக்கிறீர்கள்? பெண்கள்! உங்களைப்போல் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள். பதிவுக்கும் கணக்குக்கும் செல்போன் உதவியது. ஆனால் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்த்து, “இங்கேதான் தப்பு, ராஜா” என்று சொன்னது ஒரு மனுஷியின் வாய்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இப்போது தேங்காய்த்திட்டு வீட்டுக்குத் திரும்புவோம். 2024இல் எடுத்த ‘அசர்’ கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்த பிள்ளைகளில், முந்திய வாரத்தில் படிப்புக்காகத் தொட்டவர்கள் 57 சதவிகிதம். அரட்டைக்கும் பொழுதுபோக்குக்குமான சமூக ஊடகங்களுக்காகத் தொட்டவர்கள் 76. சொந்தமாகப் போன் உள்ள பையன்கள் 36 சதவிகிதம், பெண்கள் 27. பார்த்தீர்களா? பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அக்கா நம் கற்பனையில் மட்டும் இல்லை.

ஆகவே முதல் காரியம்: செல்போனுக்கு முறை வையுங்கள். தண்ணீர்க் குழாயடியில் முறை வைக்கவில்லையா, அதைப்போல. சாயங்காலம் அரை மணி பெண்ணுக்கு, அரை மணி பையனுக்கு. அந்த நேரம் அதில் படம் கிடையாது. போன் வந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது: பாடப் படத்தைப் பத்து நிமிஷம் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள். “என்ன சொன்னார்கள்? எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சொல்ல வராமல் எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அதுதான் தப்பின் வேர். மறுநாள் டீச்சரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

மூன்றாவது கொஞ்சம் புதிய ஆபத்து. கேள்வியைப் போட்டோ பிடித்துக் கேட்டால் விடையை எழுதித்தரும் செயற்கை அறிவு வந்துவிட்டது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சுமார் ஆயிரம் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். அதன் உதவியோடு பயிற்சிக் கணக்கை 48 சதவிகிதம் நன்றாகப் போட்டார்கள். உதவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவிகிதம் மோசமாகப் போட்டார்கள்! விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்துத் தந்த இன்னொரு குழுவுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. அரிசியில் எழுதும் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எழுத்து அழகாகத்தான் வரும். ஆனால் அது யாருடைய எழுத்து?

கடைசியாக ஒன்று. அடுத்த தடவை கார்டு வரும்போது, “எத்தனை மார்க்?” என்று கேட்பதற்கு முன்னால், விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். “எந்தக் கணக்கு தப்பு? வா, இரண்டு பேரும் பார்க்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். பெண் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

மணல் போய்க் காகிதம் வந்தது. காகிதத்தோடு கண்ணாடித் திரையும் வந்துவிட்டது. எழுத்தை அழிக்கிற வித்தை திரைக்கும் தெரியும். அழித்துவிட்டு, “இன்னொரு தரம் எழுது, கண்ணு” என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது. அந்த வார்த்தை உங்களிடம்தான் இருக்கிறது.